லீவுக் கடிதமும் அரைப் பேரும்



சென்ற மாதம் மலையகத்திலிருந்து நேயர் ஒருவர் எழுதியிருந்தார். தோட்டப் பாடசாலையில் தொடங்கிப் படித்து, இப்போது அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருப்பவர். மொழிபெயர்ப்பாளர் பரீட்சை ஒன்றுக்கு ஆயத்தம் செய்கிறாராம். அவருடைய கேள்வி இது: "ஐயா, ஐடில், லேசி, இன்டொலன்ற், ஸ்லோத்ஃபுல், ஷேர்க்கர், லோஃபர் ஆகிய ஆறு சொற்களுக்கும் என்னிடமுள்ள அகராதி சோம்பேறி என்றே பொருள் தருகிறது. ஆறும் ஒன்றுதானா? ஒன்றென்றால் வெள்ளைக்காரர் ஏன் ஆறு வைத்திருக்கிறார்கள்?"

கடிதத்தில் கடைசியாக இன்னும் ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆறு மட்டுமல்ல, அறுபதும் இருக்கும். வேலைக்கு ஒளிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களைத் திரட்டினால் ஒரு சிறு அகராதியே ஆகிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கையில் எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. இச்சொற்கள் வேறுபடுவது சோம்பலின் அளவினாலன்று. அச்சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதனால்தான் அவை வேறுபடுகின்றன.

நமக்கெல்லாம் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குவோம். நம்மிற் பலர் ஆங்கிலத்தில் எழுதிய முதற் கட்டுரை லீவுக் கடிதமாகத்தான் இருக்கும். 'ஏஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்ற தொடரை உச்சரிக்கத் தெரியாத பிள்ளை நம் நாட்டில் அரிது. வயிற்றுக்குத்து என்றோ மாமாவின் கலியாணம் என்றோ எழுத ஆங்கிலம் போதாமையால் எல்லாக் காரணங்களும் காய்ச்சலாகவே முடிந்தன. இந்த 'லீவு' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் 'அனுமதி' என்று பொருள்பட்டது. புறப்படுதல், விட்டுச் செல்லுதல் என்ற பொருளில் வரும் 'லீவ்' வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். இன்று இரண்டும் ஒரே உருவில் நிற்பது தற்செயல். ஆகவே லீவு கேட்டல் என்பது ஓய்வு கேட்டலன்று, அனுமதி கேட்டலே.

ஓய்வைக் குறிக்கும் உயர்ந்த சொல்லாகிய 'லெஷர்' என்பதை எடுத்துப் பாருங்கள். அது பிரெஞ்சு வழியாக வந்தது; அதன் இலத்தீன் மூலத்துக்கும் 'அனுமதிக்கப்பட்டிருத்தல்' என்பதே பொருள். 'லைசென்ஸ்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். பங்களாவின் முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருக்கும் துரை செய்வது லெஷர். அதே நேரத்தில் பின்பக்க மரநிழலில் கால் நீட்டியிருக்கும் தோட்டக்காரன் ஐடில். இருவரும் செய்வது ஒரே காரியந்தான். ஒருவருக்கு அனுமதிச் சீட்டு உண்டு, மற்றவருக்கு இல்லை.

'ஐடில்' என்பதன் பழைய பொருள் வெறுமை. பாத்திரம் வெறுமையாக இருந்தாலும், பேச்சுப் பயனற்றதாக இருந்தாலும், ஒருகாலத்தில் இச்சொல்லே வழங்கியது. ஜேர்மன் மொழியில் இதன் உறவுச் சொல் இன்றும் வீண் பெருமையைக் குறிக்கிறது. மோட்டார் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் அதையும் ஐடில் என்கிறார்கள். 'லேசி' 16ஆம் நூற்றாண்டிற் புகுந்த சொல். எங்கிருந்து வந்ததென்று அறிஞர்கள் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. சோம்பேறியின் ஊர் தெரியாதிருப்பது பொருத்தந்தானே.

'இன்டொலன்ற்' எனக்கு மிகவும் பிடித்தது. இதை நேராகப் பிரித்தால் 'நோவற்றது' என்று வரும். வலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முன் எதிர்மறை சேர்ந்து பிறந்தது. மருத்துவர்கள் இன்றும் வலியின்றி மெல்ல வளரும் கட்டியை இச்சொல்லாற் குறிப்பர். நோவில்லாதவன் என்ற சொல் 18ஆம் நூற்றாண்டில் நோவைத் தவிர்ப்பவன், உழைக்க விரும்பாதவன் என்றாகிவிட்டது. பிற்காலத்தில் இச்சொல் யாருக்குச் சூட்டப்பட்டது என்பதைக் கண்டால் இந்த வேர்ப்பொருள் கொஞ்சம் கசக்கும்.

'ஸ்லோத்' மெதுவைக் குறிக்கும் 'ஸ்லோ'வின் பிள்ளை. கிறித்தவ மரபு எண்ணிய ஏழு பெரும் பாவங்களில் ஒன்றின் பெயர். தென் அமெரிக்கக் காடுகளில் மரத்திற் தலைகீழாகத் தொங்கும் ஒரு விலங்கைக் கண்ட போர்த்துக்கேயர் தம் மொழியில் 'சோம்பல்' என்றே அதற்குப் பெயரிட்டனர். ஆங்கிலேயர் அதை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டனர். கதை அத்துடன் நிற்கவில்லை. 1791ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஷா என்ற ஆங்கில விலங்கியலாளர் இந்தியத் துணைக்கண்டத்துக் கரடி ஒன்றை ஆராய்ந்தார். நீண்ட நகம், மேல் வாயில் முன்பல் குறைவு என்ற இரண்டையும் பார்த்து, இதுவும் அந்தச் சோம்பல் விலங்கின் இனமே என்று எழுதிவிட்டார். அது கரடிதான் என்று பின்னர் தெளிந்தபோதும் 'ஸ்லோத் பெயர்' என்ற ஆங்கிலப் பெயர் ஒட்டியே நின்றது. நம் வன்னிக் காட்டிலும் வில்பத்துவிலும் திரிவது இந்தக் கரடியே. காட்டுக்குத் தேனெடுக்கப் போன ஒருவரிடம் கரடி சோம்பேறியா என்று கேட்டுப் பாருங்கள். சிறுத்தையைவிடக் கரடிக்கே அஞ்சுவதாகச் சொல்வார்கள். ஆளைச் சரியாகப் பார்க்காமல் ஒரு பெயர் வைத்து, பிழை தெரிந்த பின்னும் அதை மாற்றாமல் விட்டதற்கு இந்தக் கரடி நல்ல சாட்சி.

இனி, மேலிருந்து கீழ்நோக்கிச் சொல்லப்பட்ட சொற்கள். பள்ளிக்கு ஒளிக்கும் பிள்ளையைக் குறிக்கும் 'ட்றூவன்ற்' முதலில் பிச்சைக்காரனைக் குறித்தது. 15ஆம் நூற்றாண்டளவிலேயே மாணவன் தலையில் ஏறியது. 'ஷேர்க்' 17ஆம் நூற்றாண்டில் பிறரை ஏய்த்துப் பிழைப்பதைக் குறித்துப் பின்னரே கடமை தவறுதலைக் குறிக்கலாயிற்று. நோயென்று நடித்து வேலைக்குத் தப்புவது 'மலிங்கர்'. நோயாளி என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச் சொல்லகராதி அதை இராணுவச் சொல்லாகப் பதிந்தது. பிச்சைக்காரன், ஏமாற்றுக்காரன், நோயாளி என்று பாருங்கள். இம்மூவரின் பெயர்களே வேலை செய்யாதவனுக்குச் சூட்டப்பட்டுள்ளன. சூட்டியவர்கள் வாத்தியாரும் அதிகாரியும் நீதவானும். நானும் வாத்தியார் என்பதை மறந்துவிட்டுச் சொல்லவில்லை.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1547இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டம், உடல்வலுவிருந்தும் வேலை செய்ய மறுத்தவனின் மார்பில் 'வி' என்ற எழுத்தைச் சூட்டுக்கோலாற் பொறித்து, இரண்டாண்டு அடிமையாக்க அனுமதித்தது. அதன் கடுமை தாங்காமல் மூன்றாண்டுக்குள் நீக்கிவிட்டார்கள். 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தில் 'ஐடில் அன்ட் டிசோடர்லி' என்று ஒரு தொடர் இருந்தது. வேலையற்றவனையும் ஒழுங்கற்றவனையும் 'அன்ட்' என்ற ஒரு சிறு சொல்லால் ஒன்றாகக் கட்டிய தொடர். அது கப்பலேறி இங்கும் வந்தது. இலங்கையின் 1841ஆம் ஆண்டு 4ஆம் இலக்க நாடோடிகள் கட்டளைச் சட்டத்தில் அதே தொடர் இருக்கிறது. வெறுமையைக் குறித்த ஒரு சொல் குற்றவாளியைக் குறிக்கலாயிற்று.

கீழே இருந்தவர்களுக்கும் வாய் இருந்ததல்லவா? அவர்களும் சொற்களைச் செய்தார்கள். முதலாம் உலகப் போரில் பிரான்சில் கிடந்த பிரித்தானியச் சிப்பாய்கள் 'ஸ்கைவ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தனர். நழுவித் தப்புதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபாகலாம் என்பர். அமெரிக்கச் சிப்பாய்க்கு வேலைக்கள்ளன் 'கோல்ட்பிறிக்'. முலாம் பூசிய செங்கல்லைத் தங்கக்கட்டி என்று விற்ற 19ஆம் நூற்றாண்டு ஏமாற்றுக்காரரிடமிருந்து வந்த சொல் அது. வெளியே மினுக்கம், உள்ளே மண். 'ஈயக்குண்டை ஆட்டுதல்' என்று ஒரு வழக்கு உண்டு. கடலாழம் அளக்கவேண்டிய மாலுமி குண்டை நீரில் எறியாமல் சும்மா ஆட்டிக்கொண்டு நின்றான் என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கதை அழகுதான், ஆனால் அவ்வழக்கின் பழைய பதிவுகள் கடலில் அல்ல, முதலாம் உலகப் போர்க்காலத் தரைப்படையிலேயே கிடைக்கின்றன. சொல்லாசிரியர்கள் அழகான கதைக்கு எளிதில் மயங்குவதுண்டு. சொல்லாமற் கொள்ளாமல் நழுவிப் போவதை ஆங்கிலேயர் 'பிரெஞ்சு லீவு' என்பர். பிரெஞ்சுக்காரர் அதையே 'ஆங்கிலேயர் முறையில் நழுவுதல்' என்பர். இரு நாட்டவரும் நழுவினர், பழியை மட்டும் கால்வாய்க்கு அப்பால் போட்டனர்.

இச்சொற்களில் பொறிக்கப்பட்ட சூட்டுக்கோல் இல்லை, சிரிப்பு இருக்கிறது. சக சிப்பாயை ஸ்கைவ் அடிக்கிறான் என்று சொல்லும்போது பாதி திட்டும் பாதி பொறாமையும் கலந்திருக்கும்.

இந்தச் சிரிப்பின் உச்சம் 'சென்ற் மண்டே', அதாவது புனித திங்கள். விடுமுறையைக் குறிக்கும் 'ஹொலிடே' புனித நாள் என்று பிரியும் என்பது தெரிந்ததே. புனிதர்களின் திருநாள்களில் வேலையில்லை. 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தின் செருப்புத் தைப்போர், நெசவாளர், கத்தி செய்வோர் முதலிய கைவினைஞர் பலர் திங்கட்கிழமைகளில் வேலைக்குப் போகவில்லை. கேட்டால், இன்று புனித திங்களாரின் திருநாள் என்பார்கள். திருச்சபையின் பட்டியலில் அப்படி ஒரு புனிதர் கிடையாது. தொழிலாளரே படைத்துக்கொண்ட புனிதர் அவர். சனிக்கிழமை கூலி, ஞாயிறு ஓய்வு, திங்கள் புனிதர், சில ஊர்களில் செவ்வாயும் அவருக்கே. பிறகு வியாழன் வெள்ளிகளில் இரவிரவாக விழித்து வேலையை முடித்துவிடுவார்கள். ஆக, வேலை குறைந்ததென்று சொல்ல முடியாது. யாருடைய மணிக்கூட்டின்படி என்பதே வழக்கு. வரலாற்றறிஞர் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, ஆலைச் சங்கு இந்தப் பழைய நேரக்கணக்கை எவ்வாறு விழுங்கியது என்பதை விளக்குகிறது. திங்களைக் கைவிட்டவர்களுக்குச் சனிக்கிழமை அரைநாள் கிடைத்தது. 1850ஆம் ஆண்டு ஆலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களும் இளையோரும் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணியுடன் வேலை நிறுத்த வழிசெய்தது. தாமே எடுத்துக்கொண்ட ஒரு முழுநாள் போய், கொடுக்கப்பட்ட அரைநாள் வந்தது.

1889இல் கிளாஸ்கோத் துறைமுகத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிமார் வயல்வேலைக்காரரைக் கொண்டுவந்து மூட்டை ஏற்றினர். வேலைநிறுத்தம் தோற்றது, பழைய கூலிக்கே திரும்பவேண்டியதாயிற்று. அப்போது தொழிற்சங்கச் செயலாளர் தம் ஆட்களிடம் கூறிய யோசனை இப்படி இருந்ததாகப் பின்னர் எழுதப்பட்டிருக்கிறது: அந்த வயல்வேலைக்காரரின் வேலையை முதலாளிமார் மெச்சினார்கள். அவர்களுக்கோ கப்பற்தளத்தில் நேராக நடக்கவே தெரியாது, தூக்கியதிற் பாதியைக் கீழே போட்டார்கள், இரண்டு பேர் சேர்ந்தும் நம்மில் ஒருவரின் வேலை ஆகவில்லை. முதலாளிக்கு அதுதான் பிடித்ததென்றால் நாமும் அப்படியே செய்வோம். தொழிலாளரும் அவ்வாறே செய்தனர். சில நாட்களிற் கேட்ட கூலி கிடைத்தது. இந்த முறைக்கு 'கா-கெனி' என்று பெயர். 'பார்த்து, மெல்லப் போ' என்று வண்டிக்காரனுக்குச் சொல்லும் ஸ்கொத்லாந்து வழக்கு அது. நம் பத்திரிகைகளில் வரும் 'சட்டப்படி வேலை' இதன் உறவு முறைதான். ஆசிரியர்களாகிய நாங்களே சுகயீன லீவுப் போராட்டம் செய்வதுண்டு. ஒரு தொழிலைச் சேர்ந்த அனைவருக்கும் ஒரே காலையிற் சுகமில்லாமற் போவதை யாரும் மலிங்கர் என்று சொல்வதில்லை. குறைந்தபட்சம் எங்கள் முகத்துக்கு முன்னால் சொல்வதில்லை. 2022இல் பரவிய 'கொயட் குவிற்றிங்', அதாவது ஓசையின்றி வேலையை விடுதல் என்ற தொடரையும் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள வேலையை முழுமையாகச் செய்து, அதற்கு மேல் செய்யாதிருப்பவருக்கு இப்பெயர். வேலையைச் செய்பவரை வேலையை விட்டவர் என்கிறது சொல்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1830களிலிருந்து கண்டி மலைகளிற் கோப்பிப் பயிர் பெருகியபோது, கண்டிக் குடியானவன் இன்டொலன்ற் என்று துரைமார் மீண்டும் மீண்டும் எழுதினர். அவன் தோட்டத்திற் கூலிக்கு வரவில்லை என்பதே முறைப்பாடு. அவனுக்குத் தன் வயலும் சேனையும் இருந்தன. இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832இற்றான் ஒழிக்கப்பட்டது. வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவனுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. காடு வெட்டும் வேலையை ஒப்பந்தமாகக் கொடுத்தபோது அதே சிங்களக் கிராமத்தவர் வந்து வெட்டிக் கொடுத்தனர், வண்டி ஓட்டினர். அவர்கள் மறுத்தது வேலையையன்று, குறைந்த கூலிக்குத் தோட்ட வரிசையில் நிற்பதை. மலாயர், பிலிப்பைன்ஸ் மக்கள், யாவகத்தவர் ஆகியோர் மீது இதே பழி எப்படிப் படிந்தது என்பதை சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை' என்று பெயர்க்கத்தக்க நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

கண்டியான் வராத இடத்துக்குத் தமிழகத்திலிருந்து நம்மவர் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். நோவற்றவன் என்று ஒருவனைப் பெயரிட்ட மலைக்கு, இவ்வளவு நோவுடன் ஏறி வந்தவர்களுக்கு அங்கே என்ன பெயர் காத்திருந்தது?

கடிதத்தின் கடைசி வரி இது: "என் அம்மாவுக்கு அரைப் பேர் விழுந்த நாளில் கணக்கப்பிள்ளை சொன்ன சொல்லும் இதுதான் ஐயா."

தோட்டம் அறியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் ஆள் கூடும் இடம் பெரட்டுக்களம். 'பரேட்' என்ற இராணுவச் சொல் அப்படித் தமிழாயிற்று. வேலைக்கு வந்தவரின் பெயர் செக்றோலில் ஏறும். அதனால் ஒருநாட் கூலிக்கே 'பேர்' என்ற பெயர் வந்தது. குறித்த அளவு கொழுந்து நிறுக்காவிட்டால் அரைப் பேர் போடுவது தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். வெயிற் காலத்திற் கொழுந்து குறையும், மழையிற் கால் வழுக்கும், நிரை சரியில்லாத மலை கிடைக்கும். தராசு அதைக் கேட்பதில்லை. வேலைக்கு ஒளிப்போரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அத்தனையிலும் ஆளின் பெயரையே பாதியாக வெட்டுகின்ற சொல் ஒன்றை நான் காணவில்லை.

பரீட்சைக்கான விடைக்கு வருகிறேன். சோம்பேறி என்பது ஆளின் இயல்பைச் சொல்லும் சொல். ஒருமுறை ஒட்டினால் கழற்றுவது கடினம். திருக்குறளில் 'மடியின்மை' என்று 61ஆம் அதிகாரமே இருந்தும், மடி என்ற குறுஞ்சொல்லை நாம் ஏட்டிலேயே விட்டுவிட்டோம். ஆனால் பேச்சில் நல்ல சொற்கள் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 'பஞ்சி' என்றால் அந்த நேரத்து மனநிலை. "இண்டைக்குப் பஞ்சியாய்க் கிடக்குது" என்று தன்னைப் பற்றியே கூச்சமின்றிச் சொல்லலாம். லேசி என்பது ஒரு பொழுதின் நிலையைச் சொல்லுமிடத்தில் இது பொருந்தும். 'மினக்கெடுதல்' என்பது வினைகெடுதல் என்பதன் திரிபு. யாழ்ப்பாணத்தில் நேரம் வீணாதலைச் சொல்லும் அதே சொல்லைத் தமிழகத்தில் மெனக்கெடுதல் என்று சிரமம் எடுத்துக்கொள்வதற்கு வழங்குகிறார்கள். வேலையில்லாமல் வீணே நிற்கும் ஐடிலுக்கு மினக்கெடுதல் ஏற்றது. ஷேர்க்கருக்கு வேலைக்கள்ளன், ஸ்கைவுக்குக் கள்ளமடித்தல், மலிங்கருக்குச் சுகயீனச் சாட்டு. லோஃபரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 1830களில் அமெரிக்காவிற் பிறந்த அச்சொல் 'லோபர்' என்று நம் ஏச்சுப் பட்டியலில் எப்போதோ குடியேறிவிட்டது. அதே சொல்லின் வினையை வால்ட் விட்மன் 1855இல் வெளியிட்ட கவிதைத் தொகுதியில் பெருமையோடு ஆண்டார் என்று சொன்னால் நம்மவர் நம்பமாட்டார்கள்.

தமிழ்ச் சொற்களெல்லாம் நிரபராதிகள் என்று நினைக்கவேண்டாம். வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு என்ற பழமொழியைச் சொன்னது எந்தப் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு உலை ஏற்றாத வாயாகத்தான் இருக்கும்.

என் கையும் சுத்தமில்லை. 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். பாடசாலை நடந்த நாட்களில் என் வகுப்பில் ஒரு மாணவன் முதற் பாடத்திலேயே மேசையிற் தலை சாய்த்துவிடுவான். தேர்ச்சி அறிக்கையில் 'சோம்பல் மிக்கவர்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவனுடைய தகப்பனாரின் முச்சக்கரவண்டி வரிசையில் நின்றதையும், இடம் பறிபோகாமல் இருக்க அவன் இரவில் அதற்குள் இருந்து காவல் காத்ததையும் அவன் தாயார் அறிக்கை வாங்க வந்தபோதுதான் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. "இதை வெட்டி எழுதலாமோ சேர்?" என்று மட்டும் கேட்டார். வெட்டி எழுதினேன், வெட்டிய கோட்டுக்குக் கீழே பழைய சொல் தெளிவாகவே தெரிந்தது.

மலையக நேயருக்குத் தனியாக மறுமொழி அனுப்பியிருக்கிறேன். அன்று அவருடைய அம்மாவின் கூடையில் எத்தனை கிலோ குறைந்தது, அது எந்த மாதம், எந்த மலை என்று அதிற் கேட்டிருக்கிறேன்.